குவைத்திலிருந்து வந்த அட்டை

அன்புக்கரசியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஒரு நைட்டி வாங்க வேண்டுமென்றாலும் ஊரையே கேட்பாள். கேட்டுவிட்டு யார் சொன்னதையும் செய்ய மாட்டாள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சக்கரபாணி முதலாளியின் பொம்மைக் கம்பெனியில் அவளுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. வர்ணம் பூசி முடிந்த பீங்கான் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. ஆகவே அவள் முதலில் கேட்கிற ஆள் எப்போதும் நான்தான். என் தலையெழுத்து.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் செய்த கூத்து புரியாது. பெட்டிக்குள் பொம்மை ஆடாமல் நிற்க, ஓட்டை வெட்டிய தடுப்பு அட்டை வரும். ஓட்டை முழுசாக வெட்டுப்பட்டிருக்காது, நடுவில் உள்ள துண்டு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும். ஓட்டையுள்ள அட்டை மேசைக்கு, உதிர்ந்த துண்டு சாக்குக்கு. சாக்கு நிறைந்தால் வெந்நீர் அடுப்பு எரிக்க ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோவோம். அன்பு இதைக் கண்ணால் பார்க்காமலே செய்வாள். வாய் ஒரு கதையில் இருக்கும், விரல் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.

அவள் புருஷன் ராஜ்மோகனுக்குக் கம்மாபுரம் பக்கம். குவைத்தில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அவர்களுக்கு ஒரே பெண், நிறைமதி, ஆறாவது படிக்கிறாள். போன லீவில் அவளுக்கென்று டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சேர்ந்து விளையாடலாம் என்று ஆசையாக உட்கார்ந்த மனுஷனுக்கு அந்தக் குட்டிப் பட்டனெல்லாம் விரலுக்கு அகப்படவில்லை. டிவியில் விட்ட இடத்திலேயே அவர் வண்டி சுவரில் முட்டி நின்றது. பெண் அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வராது, விடுங்க" என்றாள். அவ்வளவுதான். லீவு முழுக்க அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விமானம் ஏறிய அன்று, "அவங்க போயிட்டாங்களாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். அப்பா என்று வாயில் வரவில்லை. அதைச் சொல்லும்போது அன்பு மூக்கைச் சிந்திக்கொண்டே தட்டினாள்.

இந்த முறை லீவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் போன் போட்டார். அந்தக் கேம் பெட்டிக்கென்றே அட்டை வருகிறதாம். அட்டையை மடித்து, செருகி, பைக் ஹேண்டில்பார் செய்யலாமாம். கேம் பெட்டியின் பக்கத்துக் கைப்பிடிகளைக் கழற்றி அதற்குள் விட்டு, ஹேண்டிலை முறுக்கினால் டிவியில் பைக் ஓடுமாம். இப்போது புதிதாகச் செய்வதில்லை, ஒரு கடையில் மூலையில் ஒன்று கிடக்கிறது, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டார். பட்டன் அழுத்தத்தான் அவருக்கு வராது, மடிக்க வருமே, அவளோடு உட்கார்ந்து மடிக்கலாமே என்பது அவர் கணக்கு. முடிவை அன்புவிடம் விட்டுவிட்டார். "அட்டையப் பத்தி ஒனக்குத்தான தெரியும்" என்றாராம்.

அதோடு எங்கள் ஷெட்டில் நிம்மதி போச்சு.

விலையைக் கேட்டதும் நான், அந்தக் காசுக்கு நிஜ பைக்குக்கு டயர் மாற்றலாம் என்றேன். உள்ளே மோட்டார் ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். இல்லை, அட்டைதான். பேட்டரி? இல்லை, அட்டைதான். அப்புறம் எப்படி ஓடும்? எனக்கென்ன தெரியும்! அட்டை கொண்டுவருகிற டெம்போக்காரர் கிளமெண்டைக் கேட்டாள். எத்தனை அடுக்கு அட்டை என்று அவர் திருப்பிக் கேட்டார். அதை ராஜ்மோகனிடம் கேட்டாள். அவர் கடையில் போய் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு மெல்லிசுதான் என்றார். மெல்லிசு என்றால் மழைக்காலத்தில் தொய்யும், கரையான் வரும், பிள்ளை ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது என்று கிளமெண்ட் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி சக்கரபாணியையும் விடவில்லை. அவர், பிள்ளை கையால் செய்து பழகட்டும், வாங்கு என்றார். போனில் வீடியோ பார்த்தாள். ஒருத்தன் கண்ணில் நீர் வரப் புகழ்ந்தான். இன்னொருத்தன், ஒரு வாரம் விளையாடினோம், இப்போது பீரோ மேல் கிடக்கிறது என்றான். அவன் நல்லவனா இவன் நல்லவனா என்று என்னைக் கேட்டாள். நான் கையிலிருந்த கிருஷ்ணன் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் விடு, என் உயிரை எடுக்காதே என்று கத்திவிட்டேன்.

பெண்ணையே கேட்டுப் பார்ப்போமென்று கேட்டாளாம். நிறைமதிக்கு அந்த அட்டையைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் தோளைக் குலுக்கி, "அவங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். அதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதா, வேண்டும் என்று எடுத்துக்கொள்வதா? மூன்று நாள் அதையும் யோசித்தோம். கடைசியில், நாள் முழுக்க அட்டையில் கிடக்கிறவள் காசு கொடுத்து அட்டை வாங்குவதா என்று அவளுக்கே ரோஷம் வந்து, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வாங்கினார். ஆம்பளைகள் புத்தி.

மார்கழியில், அவர் வருவதற்கு முன்னால் பார்சல் வந்தது. வழக்கமான சாமான்தான்: பால் பவுடர், சோப்பு, தைலம், பேரீச்சம்பழம், இரண்டு போர்வை. மேல் பெட்டியோடு வைத்தால் இடம் அடைக்குமென்று ராஜ்மோகன் அந்த விளையாட்டு அட்டைகளை மட்டும் உருவி, டப்பாக்களுக்கு நடுவில் தட்டையாகச் செருகியிருந்தார். வந்து இறங்கியதும் தன் கையால் எடுத்துக் கொடுத்து அசத்த வேண்டும் என்பதற்காக வாயே திறக்கவில்லை.

அன்பு பார்சலைப் பிரித்தாள். டப்பாவுக்கு நடுவில் வெட்டுப்பட்ட அட்டை. எங்கள் ஊரில் அது என்ன? தடுப்பு அட்டை. உட்கார்ந்தாள், தட்டினாள். ஒரு தாள் விடாமல் அத்தனை துண்டையும் உதிர்த்துச் சாக்கில் போட்டாள். ஓட்டையுள்ள அட்டைகளை அழகாக அடுக்கிச் சணல் போட்டுக் கட்டி, மறுநாள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"பாருங்கக்கா, குவைத்துல எப்படி நேர்த்தியா வெட்றானுங்கன்னு."

நானும் பார்த்தேன். நேர்த்திதான். ஓட்டைகள்தான் ஒரு தினுசாக இருந்தன. ஒன்று நாக்கு நீட்டியது, ஒன்றில் கொம்பு. இதில் என்ன சாமான் நிற்கும் என்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் குழம்பினோம். சென்ட் பாட்டில் என்றாள் அவள். ஷாம்பு என்றேன் நான். கடைசியில், இருக்கிற அட்டையை வீணாக்குவானேன் என்று அதில் ஒன்றைக் கிருஷ்ணன் பெட்டிக்கு அடியில் வைத்து நானே டேப் ஒட்டினேன்.

ராஜ்மோகன் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பனி. அன்பு சாக்கை அவிழ்த்து, வெந்நீர் அடுப்பை மூட்டினாள். நன்றாகப் பற்றியதாம். மனுஷன் ஆவி பறக்க ஊற்றிக் குளித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்து, சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையோடு வருகிற கேம் சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பெண் பார்த்ததுமே கண்டுகொண்டாள். "அட்டையும் வாங்கிட்டீங்களா?" என்று அவரிடமே கேட்டாள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பார்சலில் வந்த அட்டையை எடுத்து வரச் சொன்னார்.

எந்த அட்டை என்று அன்பு கேட்டாள்.

அவர் போனில் படத்தைக் காட்டினார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவளுக்குப் புரிந்தது, ஆனாலும் புரியாத மாதிரி இன்னொரு தரம் கேட்டாள். அப்புறம் மூன்று பேரும் பின்பக்கம் போனார்கள். அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. ராஜ்மோகன் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் கிளறினார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். நிறைமதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். "அவங்க எனக்குன்னு வாங்கியாந்தாங்கம்மா" என்று அதையே சொன்னாளாம்.

தலையைக்கூட வாராமல் அன்பு ஷெட்டுக்கு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பையும் கோபத்தையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏண்டி, அட்டையில் கோடும் அம்புக்குறியும் போட்டிருந்ததே, கண் என்ன புறங்கழுத்திலா இருந்தது என்று நன்றாகத் திட்டினேன். என் கண்ணும் அங்கேதான் இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. புண்ணியவதி.

திட்டி முடித்த பிறகுதான் மேசைக்கு அடியில் கிடந்த ஓட்டை அட்டைக் கட்டின் மேல் இரண்டு பேருக்கும் பார்வை போனது. தடுப்பு அட்டை வரத்து நின்றுபோகிற நாளில் நாங்கள் என்ன செய்வோம்? பழைய அட்டையைப் புது அட்டை மேல் வைத்து, ஓட்டையைச் சுற்றிப் பென்சில் ஓட்டி, கத்தியால் வெட்டிக்கொள்வோம். ஓட்டை இருந்தால் துண்டு இருக்கிற மாதிரிதான். ஒரு தாள் மட்டும் கிருஷ்ணனோடு டேப் ஒட்டி லாரிக்குக் காத்திருந்தது. அந்தப் பெட்டி எதுவென்று தெரியாமல் ஏழெட்டுப் பெட்டியைக் கிழித்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அன்பு அந்த அட்டைக் கட்டையும், கழித்துப்போட்ட பெட்டி அட்டை கொஞ்சத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். ராஜ்மோகன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிடவில்லை, பெண்ணைத்தான் அனுப்பினாள். கடை வாசலில் நின்று நிறைமதி என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்.

ரெடியாக வந்த துண்டாக இருந்தால் ஒரே மத்தியானத்தில் மடித்து முடித்திருப்பார்களாம். இவர்களுக்குப் பொங்கல் வரை இழுத்தது. எங்கள் பெட்டி அட்டை தடிமன், மடித்தால் வெடித்தது, செருகினால் நுழையவில்லை. எப்படி மடிப்பதென்று டிவியில் படம் ஓடும். அதைப் பெண் பார்த்துச் சொல்வாள், அப்பா பென்சில் ஓட்டுவார், அம்மா வெட்டுவாள். அவர் பென்சில் கோணல், ஆகவே வெட்டியதும் கோணல். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வீடு முழுக்க அட்டைத் தூசி. "அப்பா, அந்தக் கோடு இல்ல, இந்தக் கோடு. அப்பா, இழுத்துப் புடிங்க. ஐயோ அப்பா" என்று பிள்ளை அவரை வேலை வாங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் வேண்டுமென்றே தப்பாகப் பிடிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

முடிந்த ஹேண்டில்பார் ஒரு பக்கம் சாய்ந்து, இடது கைப்பிடியில் பாதி கிருஷ்ணன் படமும், வலது கைப்பிடியில் 'உடையும் பொருள்' என்ற எழுத்துமாக இருந்தது. வலது பக்கம்தான் ஆக்சிலேட்டர். முறுக்கினால் டிவியில் பைக் போயிற்று, சத்தியமாகப் போயிற்று. ராஜ்மோகன் ஓட்டும்போது மட்டும் இப்போதும் சுவரில்தான் முட்டியது. என்னையும் ஓட்டச் சொன்னார்கள். அட்டைக்குள் ஒன்றுமில்லாமல் எப்படிப் போகிறதென்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போது அவர் பெட்டியை எப்போதும்போல அன்புதான் அடுக்கினாள். ஊறுகாய் பாட்டில், பருப்புப்பொடி, முறுக்கு. நடுநடுவே அட்டை. அவள் அடுக்கினால் எந்த ஊருக்குப் போனாலும் பாட்டில் உடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெட்டில் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அங்கே வார லீவு, வீடியோ கால் போட்டார். பெட்டியை இப்போதுதான் பிரித்தாராம், ஒரு பாட்டில்கூட உடையவில்லையாம். அட்டையை எல்லாம் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாராம். "முறுக்கு நடுவுலகூட ஒரு அட்டை வச்சிருந்தியே, முறுக்கு என்ன ஒடஞ்சா போவுது?" என்று சிரித்தார்.

முறுக்குக்கு நான் அட்டையே வைக்கவில்லையே என்றாள் அன்பு.

அப்படியென்றால் இது எந்த அட்டை என்று இந்தத் தடவை அவர் கேட்டார். அவள் அதை எடுத்துக் காட்டச் சொன்னாள். அவர் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். மடிப்பெல்லாம் பிரித்துத் தட்டையாக்கிய ஒரு துண்டு வந்தது. ஓரமெல்லாம் கோணல், நடுவில் 'உடையும் பொருள்' என்ற எழுத்து. அன்புவின் கையில் சோறு அப்படியே நின்றது.

"அது ஆக்சிலேட்டருங்க" என்றாள்.

அவர் அதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெண் தெரியாமல் போட்டுவிட்டாளா, அவசரமாக யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று பதறினார். "இது இல்லாம அங்க எப்படி ஓடும்?"

"ஓடாது" என்றாள் அன்பு. "நீங்க வர்ற வரைக்கும் ஓடாது."

அந்தப் பக்கம் ராஜ்மோகன் அட்டையில் ஒட்டியிருந்த டீத்தூளைப் பனியனில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.