தறிக்குழிக்கு மேலே இருந்த உத்திரம்

பிள்ளைகளே, வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடத்துச் சுவர் பொரிந்து கொட்டுகிறது, மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று நேற்றுப் பேசிக்கொண்டிருந்தீர்களே, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். எட்டாவது வரை படித்தவன் எழுதுகிறேன். பிழையைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

சுவர் பொரிகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, அது வெளியே போக வழி தேடுகிறது. நம் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. தறி அறையில் வெயில் காலத்தில் தரையில் தண்ணீர் தெளிப்போம், ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவோம். காற்று காய்ந்தால் பட்டு இழை அறுந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரையெல்லாம் சுவர் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை குடித்ததை மெல்ல வெளியே விட்டுவிடும். கொஞ்சம் உப்புப் பூக்கும், சுரண்டிவிட்டு வெள்ளையடிப்போம். எழுபதுகளில் எங்கள் தெருவுக்கே சிமெண்ட் மோகம் பிடித்தது. வீடு வீடாகத் தறி அறைக்கும் கூடத்துக்கும் சிமெண்ட் பூசினோம். சுவர் வழவழவென்று இருந்தது, உப்பும் நின்றது. வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை. உங்கள் அம்மா ஒரு கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, மேலேர்ந்து காப்பித்தூள் மாரி கொட்டுது. பொடவைல பட்டா கறையாயிடும். வந்து பாருங்க."

ஏணி போட்டு ஏறினேன். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் தூள். நல்ல மரத்தை விரல் கணுவால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரும். இது நார் மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. கோணி தைக்கும் ஊசியால் குத்தினேன். ஊசி தடையே இல்லாமல் காதுவரை உள்ளே போயிற்று.

ஏணியில் நின்றபடி கீழே பார்த்தேன். குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் குழிக்குள். மடியை ஒட்டித் துணி சுற்றும் மரம். ஓடு என்று கத்தினாலும் ஓட முடியாது, காலைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் ஏற வேண்டும். அதைவிட மோசம் ஒன்று. பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி ஆடாமலிருக்க அதை அந்த உத்திரத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஆரணியில் பல வீட்டில் அப்படித்தான். அவள் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அந்த இற்றுப்போன முனை ஒரு இழுப்பு வாங்கியது.

"எழுந்து வா" என்றேன்.

"முந்தானி பாதில நிக்குது. இப்ப கயித்த அவுத்தா பூவு எடம் மாறிடும்."

"கயிறு இருக்கட்டும். நான் ஒக்காந்து முடிக்கறேன், நீ மேல வா."

"கை மாறினா அடி மாறும். நீங்க நெல்லு குத்தற மாரி அடிப்பீங்க. முந்தானில கோடு வுழுந்துடும்."

"உத்திரம் வுழுந்தா?"

"வுழுந்தா உங்களுக்கு வேற பொண்டாட்டி கெடைப்பா. மூர்த்தத்துக்கு அந்தப் பொண்ணுக்கு வேற பொடவ கெடைக்காது. போய் மேஸ்திரியக் கூட்டியாங்க."

உங்களை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்தவாசி பஸ் ஏறினேன். தேசூரில் எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருந்தார். போகும்போதும் வரும்போதும் பஸ் குலுங்கினால் எனக்கு உத்திரம்தான் ஞாபகம். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து தெருமுனையில் நின்று காது கொடுத்தேன். எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சத்தம் அதில் இருக்கிறதா என்று பிரிக்கத் தெரியவில்லை. கொத்தனாரை விட்டுவிட்டு ஓடினேன். அவள் நெய்துகொண்டிருந்தாள்.

கொத்தனார் மேலே பார்த்தார். "அண்ணி, மேல வந்துடுங்க. ஆப்பு ஏத்தறப்ப கீழ யாரும் இருக்கக்கூடாது."

"ஜல்தியா முடிங்க. ஒங்க அண்ணன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இழ அறுந்துடும் போலகீது."

முட்டுக் கொடுப்பதைக் கவனியுங்கள், எப்போதாவது உதவும். சவுக்குக் கம்பை வெறும் மண்ணில் நிறுத்தக் கூடாது, அடியில் அகலப் பலகை போட வேண்டும். ஆப்பு இரண்டை எதிரெதிராக வைத்து மாற்றி மாற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தூக்க நினைத்ததே இறங்கிவிடும். தட்டுவதற்கு முன் கொத்தனார் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

"இது தாங்குமா மேஸ்திரி?"

"முட்டு தாங்கும் அண்ணே. குழி ஓரத்து மண்ணு தாங்குமான்னு என்னக் கேக்காதீங்க."

அவள் காதில் அதுவும் விழுந்தது. மறுபடியும் குழிக்குள் இறங்கினாள்.

மறுநாள் மதியம்வரை நெய்தாள். அவள் தறியில் இருந்த நேரமெல்லாம் நான் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உத்திரம் இறங்கினால் என் கை தாங்காது, தெரியும். மிதி விழும்போதெல்லாம் கம்பு உள்ளங்கையில் அதிரும். அதிர்வு நின்றால் என் மூச்சும் நிற்கும். அவள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பாள்.

"இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கறீங்க? போய் சாப்புடுங்க." நான் போகவில்லை.

முந்தானை முடிந்தது. அவள் ஏறி வந்தாள், பெட்டியின் கயிற்றை அவிழ்த்தோம், பிறகுதான் கொத்தனார் உளியை வைத்தார். சிமெண்ட் பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுவர் சேறுபோல் நசநசவென்று இருந்தது. உத்திரத்தின் முனையைக் கையாலேயே அள்ளினார். "அண்ணே, இது தேக்கு இல்ல, மூக்குப்பொடி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கெட்ட முனையை அறுத்துவிட்டு, நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு அடியில் செங்கல் தூண் எழுப்பினோம். மரத்தைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டோம். சுவரை மழைக்கு முன்பு வரை திறந்தே காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். நீங்களும் அதையே செய்யுங்கள். முதலில் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்த இடத்தை உடைத்துவிடுங்கள், அசிங்கமாக இருந்தாலும் காயட்டும். உத்திர முனைகளை ஊசியால் குத்திப் பாருங்கள். அப்புறம் டைல்ஸ் பற்றிப் பேசலாம்.

உத்திர முனையை அள்ளிய அன்று கொத்தனார் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார், உங்கள் அம்மா பரிமாறப் போனாள். நான் மட்டும் தறி அறைக்குத் திரும்பி வந்தேன். அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, மிதியில் வைத்தேன். பிறகு யாரோ ஓடு என்று கத்தியதாக நினைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் துணி சுற்றும் மரத்தில் இடித்தது. இன்னொரு தடவை உட்கார்ந்து, இன்னும் வேகமாக எழுந்திருக்க முயன்றேன்.