நகைக்கடை வாசலில் கனடா ரைபிள்

போன வாரம் என்னைத் திருடன் என்று சந்தேகப்பட்டார்கள். திருப்பதியில், ஒரு நகைக்கடையில். அதுவும் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே.

தப்பு என் மேல்தான். நான்கு நாளில் மூன்று தடவை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். முதல் தடவை மனைவியின் கம்மலுக்குத் திருகாணி மாற்ற... அது நிஜமான வேலை. இரண்டாவது தடவை, திருகாணி லூசாக இருக்கிறது என்று. மூன்றாவது தடவை, டைட்டாக இருக்கிறது என்று. மூன்று தடவையும் நான் நகைப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்ற காவலாளியின் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கடைக்காரர்தான் சந்தேகப்பட மாட்டார்?

என் கிறுக்கு பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கனடா ராணுவம் வேண்டாம் என்று கழித்துக்கட்டிய பழைய ரைபிள்களைச் சேகரிப்பவன் நான். ரைபிள்களை அல்ல, அவற்றின் போட்டோக்களை. நிஜ ரைபிளை வீட்டில் வைத்தால் நம் நாட்டில் களி தின்ன வேண்டியதுதான். கனடாவில் இருக்கும் என் மச்சான், பழைய ராணுவச் சாமான் விற்கும் கடைகளில் புகுந்து படம் எடுத்து அனுப்புவான். எந்தக் காலத்தது, எந்த மாடல், எந்தப் பாகம் பிற்பாடு மாற்றியது என்று நான் இங்கே உட்கார்ந்து கண்டுபிடித்துச் சொல்வேன். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரும்பில் குத்திய முத்திரைகளைப் படித்தே காலம் தள்ளியவன். ரிடையர் ஆன பிறகும் கண் சும்மா இருக்க மறுக்கிறது.

இதில் சந்தேகம்தான் அரிச்சுவடி. விற்பவன் சொல்வதை நம்பக் கூடாது. ரைபிளின் உடம்பில் ஒரு நம்பர் இருக்கும், தோட்டாவைத் தள்ளும் போல்ட்டில் வேறொரு நம்பர் இருக்கும். மரக்கட்டை மூன்றாவது ஒன்றிலிருந்து கழற்றியதாக இருக்கும். பத்து வருஷம் இப்படியே பார்த்துப் பார்த்து, இப்போது மளிகைக் கடையில் பில் வாங்கினாலும் திருப்பிப் பார்க்கிறேன். சித்தூரில் ஒரு தடவை கோர்ட் வாசல் சென்ட்ரியின் துப்பாக்கியை உற்றுப் பார்க்கப் போய், அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்போதும் புத்தி வரவில்லை.

அந்த நகைக்கடை வாசலில் முதல் நாள் கண்ணில் பட்டது இதுதான் — உலோகத்தில் ஆங்கில 'சி' எழுத்து, அதற்குள் ஒரு அம்பு. கனடா அரசாங்கத்தின் சொத்து என்பதற்கான முத்திரை. குறி பார்க்கும் தகட்டில் இரண்டே ஓட்டை. மடக்கினால் ஒன்று, நிமிர்த்தினால் ஒன்று. இரண்டாம் உலகப்போர் அவசரத்தில் செய்த சிக்கனம். பத்து வருஷமாகப் போனில் பார்த்த பொருள் எட்டடி தூரத்தில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ராணுவ ரைபிளுக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? அதற்காகத்தான் இரண்டாவது தடவை போனேன். கட்டையின் பக்கவாட்டில், தோட்டா உட்காரும் இடத்துக்கு நேராக, வட்டமாக ஒரு ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து பெயின்ட் அடித்திருந்தது. மூன்றாவது தடவை உறுதியாகிவிட்டது. குழலையே துளை போட்டு, சுட முடியாமல் செய்து, அணிவகுப்பு டிரில் பழகக் கொடுக்கும் துப்பாக்கி அது. அதாவது, செத்த துப்பாக்கி.

அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் தோளில் ஒரு கை விழுந்தது. கடை முதலாளி.

உள் அறைக்கு அழைத்துப்போனார்கள். மனைவியும் கூடவே வந்தாள். “கூச்சோண்டி சார்,” என்று மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். “கேமராவுல பாத்துகினுதான் இருக்கேன். மூணு தடவ வந்தீங்க, ஒரு நக பாக்கல. இன்னா நோட்டம் உடுறீங்க?”

“அவருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் சார், வேற ஒண்ணும் இல்ல,” என்றாள் மனைவி. ஒரு நகைக்கடையில் சொல்லவே கூடாத வாக்கியம் அது.

காவலாளியைத் துப்பாக்கியோடு உள்ளே கூப்பிட்டார் முதலாளி. முனிரத்தினம் என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அவசரமாக முத்திரையைக் காட்டினேன். “இது கனடா ரைபிள் சார். இதோ, சி-க்குள்ள அம்பு.” அப்படியே விரல் பட்டியை நோக்கி நகர்ந்தது.

முனிரத்தினத்தின் உள்ளங்கை வந்து பட்டியை மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் கெஞ்சல்.

அது செத்த துப்பாக்கி என்று அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். திறக்காவிட்டால் நான் நோட்டம் விட வந்தவன். என்ன செய்வீர்கள்?

“அருமையான பீஸ் சார்,” என்றேன். போனில் இருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாற்பதாவது போட்டோவில் முதலாளிக்குக் கொட்டாவி வந்தது. திருடன் இவ்வளவு போர் அடிக்க மாட்டான் என்று நினைத்திருப்பார். முனிரத்தினத்தை வெளியே அனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“அந்த ஓட்டையப் பாத்தீங்கதான?”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“அது சுடாது சார். செக்யூரிட்டி ஏஜென்சில குடுத்தது. முனிரத்தினத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா நாளைக்கே ஓடிப் பூடுவான். சொல்லிடாதீங்க.”

வெளியே ஸ்கூட்டர் வரைக்கும் பின்னாலேயே வந்தார் முனிரத்தினம். “ஓனருகிட்ட சொல்லலியே சார்?”

“இல்ல. உங்களுக்கு எப்போ தெரியும்?”

“மொத நாளே. எண்ண போட்டுத் தொடைக்கசொல்ல பாத்தேன். ஓனரு நெசம்னு நெனச்சிகினு கீறாரு. தெரிஞ்சா என்னையும் அதையும் ஒண்ணாத் தூக்கி வெளிய போட்டுடுவாரு. எங்க ஊரு நகரியில தறி நின்னு பூட்ச்சி சார். பொண்ணு நர்சிங் படிச்சிகினு கீது.”

“பயமா இல்லையா?”

“இல்லாம? எவனாவது பூந்தா மொத அடி எனக்குத்தான். ஒங்களத்தான் அவன்னு நெனச்சேன். மூணு நாளா சோறு துன்னல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளி மேல் ஆத்திரமாகவும் இருந்தது. நிஜமென்று நம்பி இந்த மனிதர் ஒரு நாள் திருடனுக்கு எதிரே போய் நின்றிருந்தால்? உள்ளே திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் போவது முனிரத்தினத்தின் வேலை. வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

நம் பாதுகாப்பு முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது. அபார்ட்மென்ட் கேமராவில் வயர் இருக்கிறதா என்று யார் பார்த்தோம்? எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எதிரே வருகிறவன் அந்த ரைபிளை நம்பும் வரைக்கும்தான் முனிரத்தினத்தின் உயிருக்கு உத்தரவாதம். ஆனால் இத்தனை வருஷமாக என்னோடு வரும் வாசகர்கள் நீங்கள். உங்களை நான் முழுசாக நம்புகிறேன்.

அதனால்தான் அவர் பெயரையும், கடை இருக்கும் ஊரையும், ஓட்டை இருக்கும் இடத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேன்.