கோட்டடியில் ஒரு கொடியேற்றம்

அரியாலை முத்துக்குமாரு பெட்டிசம் எழுதிப் பிழைத்தவர். யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்கு எதிரே, கோட்டடி என்று சனம் சொல்லும் இடத்தில், ஒரு வாகை மரம். அதன் கீழ் அவருடைய மேசை, ஒரு வாங்கு, ஒரு மைக்கூடு. கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பமா, ஊர்த் தலைவரான விதானையார் மீது முறைப்பாடா, வழக்குக்குப் பிராதா, எழுத்தறியாத சனம் அந்த வாங்கில் வந்துதான் குந்தும். ஆளுக்குக் கோபம் மூக்குநுனியில். "பத்துப் பேர் வந்து அடிச்சவங்கள் ஐயா" என்று யாராவது தொடங்கினால் பேனையைக் கீழே வைத்துவிடுவார். "பத்துப் பேரின்ரை பேரையும் சொல்லும்" என்பார். வந்தவருக்கு மூன்று பெயருக்கு மேல் வராது. பெட்டிசத்தில் மூன்று பேர்தான் ஏறுவார்கள். தன் கையெழுத்தில் ஒரு பொய்ச் சொல்கூட வெளியே போனதில்லை என்பதில் அவருக்கிருந்த பெருமை சொல்லி மாளாது. அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே சனம் அலுத்துப்போயிருந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், புத்தூரிலிருந்து பூரணம் என்ற பெண் அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தாள். ஐப்பசியில் புருஷனைப் பறிகொடுத்தவள். சீதனமாக வந்த ஆறு பரப்புத் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் புகையிலை நின்றது. தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்புவின் காணிக்குள் இருந்த பங்குக் கிணற்றிலிருந்து வரவேண்டும். நாலில் ஒரு பங்கு அவளுடையது. நாலு நாளைக்கு ஒருமுறை அவள் வீட்டார் துலா என்ற ஏற்றத்தை மிதித்து இறைக்கலாம். மற்ற மூன்று பங்கையும் கைப்பற்றிய கந்தப்பு, அவள் வாய்க்காலுக்குக் குறுக்கே பூவரசங் கிளைகளைக் கதியாலாக நட்டு வேலியடைத்துவிட்டான்.

"ஆம்பிளை இல்லாத தோட்டத்துக்கு முறை என்னத்துக்கு எண்டு கேக்கிறான் அண்ணை. தெருக் கிணத்திலை இருந்து குடத்திலை அள்ளி ஊத்துறம். இன்னும் பதினைஞ்சு நாள் இப்பிடிப் போனால் பயிர் முழுக்கக் கருகிப்போம். பிறகு அந்தத் தோட்டத்தை அவனுக்கே குடுத்திட்டுப் போக வேண்டியதுதான்."

முத்துக்குமாரு சீதனக் காணிப் பத்திரமான உறுதியை வாங்கி வரி வரியாகப் படித்தார். 'கிணற்றில் நாலிலொரு பங்கும், துலாவும், வழி வாய்க்காலும்' என்று அச்சொட்டாக இருந்தது. வெகு நேர்த்தியாக ஒரு பிராது எழுதிக் கொடுத்தார். "இதைப் பார்த்த பிறகு கோட்டிலை ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது தங்கச்சி" என்றும் அளந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமையே வழக்குக் கூப்பிட்டார்கள். கந்தப்புவின் பக்கம் கறுப்புக் கோட்டுப் போட்ட பிரக்கிராசி ஒருவர் எழுந்து நின்றார். வழக்குப் பேசும் சட்டத்தரணியை அன்று பிரக்கிராசி என்றுதான் சொல்வார்கள். நீதவான் இங்கிலீஷில் ஏதோ கேட்க, அதைத் தமிழாக்கிச் சொல்லும் கோட்டு முதலியார் பூரணத்தைப் பார்த்தார்.

"உனக்காகக் கதைக்கிறது ஆர்?"

பூரணம் திரும்பி, பின் வரிசை வாங்கில் இருந்த முத்துக்குமாருவைக் கைகாட்டினாள். "அந்த அண்ணை. அவர்தான் எழுதித் தந்தவர்."

கோட்டிலிருந்த சனம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. பெட்டிசக்காரருக்கு அங்கே வாய் திறக்க உரிமை கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நீதவான் நல்ல மனுஷன். அடுத்த வியாழன் ஒரு பிரக்கிராசியோடு வரும்படி தவணை கொடுத்தார். முத்துக்குமாருவுக்கோ காது மடல் சுட்டது. இருபது வருடம் எழுதிக் கிழித்த எழுத்து, வாயில்லாவிட்டால் வெறும் கடதாசி என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அன்று பின்னேரமே பிரக்கிராசிமார் வீடுகளுக்கு நடையைக் கட்டினார். காசு வாங்காமல் ஒரேயொரு நாள் அவளுக்காக எழுந்து நிற்கக் கேட்டார். அருளம்பலத்தார் நல்ல கோப்பி கொடுத்தார், "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று முத்துக்குமாருவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டடியில் அருளம்பலத்தாருக்கு எதிரிடையான போட்டிக்காரர் செல்வரட்ணத்தார். அவர், "அருளம்பலத்தார் எடுக்காததை நான் ஏன் காணும் எடுப்பான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னும் நாலு வீடு ஏறி இறங்கினார். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு வேலை காத்துக் கிடந்தது. பட்டினத்து அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா வருகிறது. பத்து நாளும் பத்து உபயம். ஒவ்வொரு நாள் செலவையும் சிறப்பையும் ஒவ்வொருவர் பொறுப்பெடுப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் பிரக்கிராசிமார்தான். வடிவான கையெழுத்து என்று உபயகாரர் பட்டியலை வருடா வருடம் முத்துக்குமாருதான் எழுதுவார். யாருக்குத் தேர், யாருக்குச் சப்பறம் என்று அவர்களுக்குள் நடக்கும் இழுபறி ஊரறிந்தது. ஒருவர் ஒரு கூட்டம் மேளம் பிடித்தால் அடுத்தவர் இரண்டு கூட்டம் பிடிப்பார். போன வருடம் செல்வரட்ணத்தார் வாணவேடிக்கைக்கே ஆள் அனுப்பினார்.

எழுதிக்கொண்டு போன பேனை நடுவில் நின்றது. அம்பாளுக்கு முன்னால் இப்படி முண்டியடிக்கிறவர்கள் ஒரு ஏழைப் பெண்ணுக்காக எழுந்து நிற்க மாட்டார்களாமா? முத்துக்குமாருவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடு கோபமாக இன்னொரு பெரிய தாளை எடுத்தார்.

மறுநாள் காலை பிரக்கிராசிமார் கூடும் அறைக் கதவில் பட்டியல் ஒன்று ஒட்டியிருந்தது. மேலே, 'ஏழை எளியவர் வழக்கு உபயம்.' கீழே பத்து வியாழக்கிழமைக்கும் பத்துப் பெயர். முதலாம் நாள், ஸ்ரீமான் செல்வரட்ணம் அவர்கள். ஒன்பதாம் நாள், ஸ்ரீமான் அருளம்பலம் அவர்கள். ஒருவரையும் கேட்காமல் எழுதியது. அவர்கள் ஒரு சொல் சொன்னால் போதும், வாகை மரத்தடி மேசை அன்றைக்கே தெருவுக்குப் போகும். அது தெரிந்துதான் ஒட்டினார்.

செல்வரட்ணத்தார் பட்டியலைக் கிழித்துக் கையில் பிடித்தபடி மரத்தடிக்கே வந்துவிட்டார். பின்னால் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"முத்துக்குமாரு! உதென்ன கூத்து? ஆரைக் கேட்டு என்ரை பேரை எழுதினனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை ஐயா."

அவர் தாளை மறுபடி பார்த்தார். முகம் இன்னும் சிவந்தது. "எனக்கு முதலாம் நாள், அருளம்பலத்தாருக்கு ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் தேரெல்லோ? உவருக்குத் தேர், எனக்கு வெறுங் கொடியேற்றமோ?"

பின்னால் நின்ற அருளம்பலத்தார் மீசையை மெல்லத் தடவிக்கொண்டார்.

முத்துக்குமாரு இதை நினைத்தே பார்க்கவில்லை. பூரணத்தின் வழக்குக்கு வாய்வல்ல ஆள் வேண்டுமென்று அவரை முதலில் போட்டார், அவ்வளவுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"கொடி ஏறாமல் தேர் எப்பிடி ஐயா வெளிக்கிடும்? கொடியேற்றம் பிழைச்சால் பத்து நாளும் பிழைச்சுப்போம். அதாலைதான் உங்களைப் போட்டனான்."

செல்வரட்ணத்தார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அந்த உறுதியைக் கொண்டாரும்" என்றார்.

அடுத்த வியாழன் செல்வரட்ணத்தார் புதுத் தலைப்பாகையோடும் நாலு தடித்த புத்தகத்தோடும் வந்தார். வழக்குக் கூப்பிட்டதும் முதலியார் கேட்டார்.

"உனக்காகக் கதைக்கிறது ஆர்?"

செல்வரட்ணத்தார் எழுந்தார். அதே நேரம் அருளம்பலத்தாரும் எழுந்தார்! ஒன்பதாம் வியாழன்வரை பொறுத்திருக்க மனுஷனால் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூரணத்தைப் பார்த்தார். பூரணம் பின் வரிசை வாங்கைப் பார்த்தாள்.

முத்துக்குமாரு தன்னையறியாமல் எழுந்து நின்றார். "ஐயா, இண்டைக்குச் செல்வரட்ணத்தாற்றை திருவிழா" என்றார்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. முதலியார் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ தெரியாது, நீதவான் தலையசைத்தார். அருளம்பலத்தார் உட்கார்ந்தார்.

செல்வரட்ணத்தார் கந்தப்புவைக் கூண்டில் ஏற்றினார். வேலி அப்பன் காலத்திலிருந்தே அந்த இடத்தில்தான் கிடக்கிறது என்று அவன் அடித்துச் சொன்னான்.

"பூவரசங் கதியால் நட்டால் தளிர்க்க எத்தினை நாள் செல்லும்?"

தோட்டக்காரனிடம் இதைக் கேட்கலாமா? "நான் நட்டால் ஒரு மாதத்திலை தளிர்க்கும் ஐயா" என்றான் கந்தப்பு நெஞ்சை நிமிர்த்தி.

"உந்த வேலிக் கதியால் இப்ப எப்பிடி நிக்குது?"

"நல்ல வடிவாய் இப்பதான் ரண்டு ரண்டு இலை விட்டுக்கொண்டு..."

ஒரு மாதத்துக் கதியால் என்று தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். வேலியைப் பிடுங்கி வாய்க்காலைத் திறக்கும்படியும், மறு முறையிலிருந்தே பூரணத்துக்குத் தண்ணீர் விடும்படியும் நீதவான் கட்டளை போட்டார்.

அந்தப் பட்டியல் அதன் பிறகு நிற்கவில்லை. அடுத்த பங்குனிக்கு முன்பே, "எனக்கு இந்த முறை தேர்" என்று சொல்லி வைத்தவர்கள் நாலு பேர். நாற்பத்தேழில் முத்துக்குமாரு கண்ணை மூடும்வரை வருடா வருடம் எழுதினார். எத்தனை வேலி விலகியது, எத்தனை வாய்க்கால் திறந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவருக்கும் பயப்படாமல் எழுதிய அந்த மனுஷனை எங்கள் பகுதி பெற்றது எங்களுக்குப் பெருமை; அதைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

அவருக்கு வாய்த்த பெருமை ஒன்று தனியாக உண்டு. பூரணத்தின் வழக்குத் தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முறை. முத்துக்குமாரு பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனார். கட்டளை நடக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூரணத்தின் தம்பிமார் துலா மிதித்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, கடைசி வரிசைக் கன்றின் வேரையும் தொட்டது. பூரணம் மண்வெட்டியோடு சேற்றில் நின்றபடி வரம்புக்கு அப்பால் நின்ற பெண்களுக்குக் கூவினாள்.

"எணேய், இஞ்சை பாருங்கோ, இவர்தான் அந்த அண்ணை! கோட்டிலை எனக்காகக் கதைச்சவர்!"

முழு வழக்கையும் பேசியவர் செல்வரட்ணத்தார். முத்துக்குமாரு பேசியது ஒரேயொரு வசனம். வேறு நாளாக இருந்தால் பேனையைக் கீழே வைத்து, "பிள்ளை, நடந்ததை நடந்தபடி சொல்லும்" என்று திருத்தியிருப்பார்.

அன்றைக்கு அவர் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடும் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்.