ஆற்றோடு இறங்கினால் ஊர் வருமா? செண்பகாதேவிக்குப் போய்த் திரும்பிய கதை

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் செண்பகாதேவி அருவிக்கு நடந்து போகலாமா என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே நடந்து போனது 1961ஆம் வருடம் ஆடி மாதம். இத்தனை பழைய பயணத்தை வைத்துக்கொண்டு யோசனை சொல்ல வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். கட்டணமும் வண்டி நேரமும் மாறியிருக்கும். மலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் எழுதிய கதை. சென்னையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சாகசத் தொடர் எழுதினார். தனபால் என்று ஒரு வனத்துறை ரேஞ்சர், சின்ன விமானம் ஒன்று விழுந்து, நடுக்காட்டில் தன்னந்தனியாக மாட்டிக்கொள்கிறான். பதினாறு வாரமாகக் கிழங்கு தோண்டித் தின்று, இலையில் மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்து, சிறுத்தையோடு மல்லுக்கட்டி உயிரோடு இருந்தான். அவனைப் படைத்தவருக்கோ ரசம் கொஞ்சம் ஆறிப்போனாலே சாப்பாடு இறங்காது. கிண்டியைத் தாண்டி ஒரு காட்டைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது. காட்டில் அட்டையே இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டு எழுத, பத்திரிகை ஆசிரியர் இவரைக் கூப்பிட்டு, நிஜக் காட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கடைசி அத்தியாயம் உண்மையில் முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. வழி தவறினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கு, தண்ணீர் எப்படியும் ஓர் ஊரில் கொண்டுபோய் விடும் என்று தனபாலுக்கு ஞாபகம் வருகிறது. அப்படியே இறங்கிப் பிழைத்துவிடுகிறான். இவர் படித்த அத்தனை காட்டுக் கதைகளிலும் அந்த விதி இருந்ததாம். அந்தக் காகிதங்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

மாலையில் எழும்பூரில் ஏறினோம். மறுநாள் காலை பதினொன்றரைக்குத் தென்காசி. ரயிலடியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். ஜட்காக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார், ஒன்றே காலுக்கு வந்தார். முந்தா நாள் வரை தண்ணீர் பயங்கரமாக விழுந்ததாகவும், இன்றைக்குச் சாரல்தான், நன்றாகக் குளிக்கலாம் என்றும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை, நாளைக்கு மூன்று ரூபாய். சாயங்காலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் நின்றோம். தலையிலும் தோளிலும் தண்ணீர் அடித்த அடியில் ஊர்க் கவலை எல்லாம் போயிற்று. அன்று ராத்திரி நான் ஏழு தோசை சாப்பிட்டேன். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏழரைக்கு மலையேறினோம். யாராவது உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார். தனபாலுக்கு யார் வழி காட்டினார்கள் என்று இவர் கேட்டுவிட்டார். கடைக்காரருக்குத் தனபால் யாரென்று தெரியாது, பாவம். புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொள்ளச் சொல்லி மட்டும் கொடுத்தார். பூசியும் எனக்கு ஐந்து அட்டை, இவருக்குப் பதினொன்று. ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ரத்தம் வழிந்த காலோடு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பேரருவியிலிருந்து செண்பகாதேவி ஒன்றரை மைல்தான், ஆனால் ஏற்றம். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. அம்மன் கோவிலில் கும்பிட்டு, அருவியில் குளித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். பதினொரு மணிக்குத் திரும்பினோம். அத்தோடு ஒழுங்காக வந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பாதி வழியில் ஏதோ ஒரு மரத்தின் பட்டையைப் பார்க்க வேண்டும் என்று தடத்தை விட்டு விலகினார். நானும் பின்னாலேயே போனேன். சாரல் வலுத்து, மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் சுற்றிய பிறகு தடம் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். தண்ணீர்ச் சத்தம் கேட்ட பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு போனார். ஆறு கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை என்றார்.

வேரையும் செடியையும் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாக அரை மணி நேரம் இறங்கினோம். போகப் போக ஓர் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அருவிச் சத்தம், ஊர் வந்துவிட்டது, பார்த்தாயா என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் உயிர் வந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"ஏங்க, நேத்து இந்தத் தண்ணி நம்ம தலை மேலதானே விழுந்துது? அப்போ இப்ப நாம எங்க நிக்கிறோம்?"

அவர் அதற்குள் பாசி பிடித்த ஒரு பாறையில் கால் வைத்திருந்தார். அவருக்கு முன்னால் மரங்கள் முடிந்து வெறும் வெள்ளைப் புகையாக இருந்தது. இன்னும் ஒரு வளைவுதான் என்றார். நான் ஒரு வேரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று கத்தினேன். பேனாவில் காடு செய்கிற உங்களை நம்பி வந்தேனே என்றேன். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அங்கே கொட்டினேன். பதிலுக்குச் சண்டை போட அவர் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கால் வழுக்கி இடுப்பு வரை தண்ணீருக்குள் போய், ஒரு பாறைப் பிளவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அதற்குப் பிறகு நான் கத்தியதில் வார்த்தை எதுவும் இல்லை.

மேலே புதர் விலகி ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். கிராம்புத் தோட்டத்துக் காவல்காரர், பெயர் இசக்கி என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். தலைச்சுமையை அங்கேயே போட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். சும்மாட்டுத் துண்டை உதறி முறுக்கி, தன் காலை மர வேரில் மாட்டிக்கொண்டு, பாறையில் குப்புறப் படுத்து ஒரு முனையை நீட்டினார்.

"அண்ணாச்சி, பதறாதிய. ஏங் கையப் பாருங்க, தண்ணியப் பாக்காதிய."

இவர் பார்த்தார். ஒரு கையை எடுத்துத் துண்டைப் பிடித்தார். இசக்கி இழுக்க, நான் இவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, ஒருவழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தார். இன்னும் இருபதடியில் மொட்டைப் பாறை, அங்கிருந்துதான் பேரருவி கீழே விழுகிறது, அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது என்று இசக்கி சாதாரணமாகச் சொன்னார்.

"இங்கன வழி தப்பிட்டுன்னா தண்ணியோட எறங்கக் கூடாது தாயி. தண்ணிய விட்டுட்டு மேல ஏறணும். தடம் மேலதான் கெடக்கு."

முப்பது கஜம் ஏறினோம். தடம் அங்கேதான் இருந்தது. நாங்கள் இருப்பது எப்படித் தெரிந்தது என்று இவர் கேட்டார். இசக்கிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒங்க சண்டதான் தடம் வரைக்கும் கேக்குதே. புருசம் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கென்னன்னு போயிருப்பேன். பெறகு அக்கா கத்துன கத்து வேற மாதிரி இருந்துச்சி."

அடிவாரம் வரை கூடவே வந்தார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை, எங்களுக்கு நாலு மங்குஸ்தான் பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அறைக்கு வந்ததும் இவர் அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து புதிதாக எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். தனபால் ஆற்றோடு இறங்குகிறான், இரைச்சலைக் கேட்டு நின்றுவிடுகிறான். தண்ணீரை விட்டு மேலே ஏறி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, யாராவது இருக்கிறீர்களா என்று தொண்டை கிழியக் கத்துகிறான். சிறுத்தையை அடித்தவன் இப்படிக் கத்தினால் வாசகர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

"அவனோட சண்டை போட யாரு கூட வந்தா? அவனேதான் கத்திக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

வாசகர்கள் சிரிக்கவில்லை, திட்டினார்கள். ஒரு வீரன் கூப்பாடு போடலாமா என்று கட்டுக் கட்டாகக் கடிதம் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பத்திரிகை இவரிடம் தொடர் கேட்கவில்லை. அவருக்கு வருத்தம்தான், இல்லையென்றால் பொய். ஆனால் அத்தியாயத்தை மாற்றியதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

இனி போகிறவர்களுக்கு. மேலே போக அனுமதி உண்டா என்று வனத்துறையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் இறங்கினால் தடத்தை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். தெளிவாக ஓடுகிற தண்ணீர் கலங்கினால் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம், உடனே கரையேறுங்கள். வழி தவறினால் மேலே ஏறுங்கள், கூச்சப்படாமல் கத்துங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். கூட வருகிறவர் நடுவழியில் உட்கார்ந்துகொண்டு இனி நகர மாட்டேன் என்று சண்டை போட்டால், கோபப்படாமல் நீங்களும் நின்றுவிடுங்கள்.

அவர் போய் ஒன்பது வருடமாகிறது. காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் ஒரு சத்தம் இல்லை.