பள்ளிப் பதிவேட்டில் நான் எழுதிய சாதி

அக்காவின் வேலை போனதற்குக் காரணம் என் கையெழுத்து. பதினான்கு வயதில் எழுதியது.

ஒன்பதாம் வகுப்புக்கு டவுனில் ஒரு பள்ளி விடுதியில் சேரப் போனேன். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். நாங்கள் மலையடிவாரத்துப் பழங்குடி. அப்படி எழுதினால் சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பா வேலை செய்த தோட்டத்துக்காரரின் சாதியை எழுதினேன். அப்பா கீழே கைநாட்டு வைத்தார். மூன்று மாதம் படித்தேன். பிறகு ஓடிவிட்டேன். பம்பாய், துபாய், ஒரு கப்பலின் சமையலறை, கடைசியில் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக் கடை.

அக்கா ஓடவில்லை. படித்து, தாசில்தார் கொடுத்த பழங்குடிச் சான்றிதழோடு அரசு வங்கியில் குமாஸ்தா ஆனாள். பல வருடம் கழித்து யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். விசாரணைக் குழு வந்து குடும்பத்தாரின் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டியது. ஒரே அப்பாவின் பிள்ளைகள். அக்கா ஒரு சாதி, நான் ஒரு சாதி. சான்றிதழ் ரத்தானது, வேலை போனது, அக்கா கோர்ட்டுக்குப் போனாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் கடிதம் வந்தது. ‘நேர்ல வந்து, நான்தான் பொய்யா எழுதினேன்னு சொல்லுடா.’

என் விசா முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. வாக்குமூலம் எழுதி அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை, அங்கே கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். அவர்தான் ஆங்கிலத்தில் டைப் அடித்தார்.

“உங்கட ஊரில சாதிக்கும் பேப்பர் கேப்பாங்களோ? எங்கட ஆக்கள் பேப்பர் இல்லாமலே மூக்கால மணந்து பிடிப்பினம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணே. வேலைக்கு மட்டும் பேப்பர்.”

“அது சரி, நீர் ஏன் மாத்தி எழுதினீர்?”

“சோத்துக்கு.”

அவர் டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினார். “அதைக் கோட்டுக்கு எழுத ஏலாது, தம்பி. அறியாமையால எண்டு போடுறன்.”

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு வழக்கறிஞர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அக்கா உயர்நீதிமன்றம் வரை போனாள். தோற்றாள். தீர்ப்பின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தாள். வேறு ஒரு வரிகூட எழுதவில்லை.

அண்ணை வாசித்துச் சொன்னார். “வழக்கு வந்த பிறகு அனுப்பின கடதாசியை நம்ப ஏலாதாம். பதினாலு வயசுப் பெடியன் பொய் எழுத என்ன தேவை எண்டு கேட்டிருக்கினம்.” தாளை மடித்தார். “நீர் சொன்னதையே நான் போட்டிருக்கலாம்.”

“நான் போயிருக்கணும்ணே” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். கூப்பிட்டு வந்தார்கள். அவள் அழவில்லை.

“அந்த விடுதில எல்லாரோடவும் உக்கார வச்சாங்களா?”

“ஆமா.”

“மூணு மாசமும்?”

“நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சொல்ற வரைக்கும்.”

நான் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

“அப்பவே வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா” என்றாள். ரிசீவரை வைத்துவிட்டாள்.

பிறகும் பலமுறை அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அக்கா வெளியே போயிருப்பதாகவே சொன்னார்கள்.