பண்டாரவளைக்குப் போகாத பயணம்

எங்கள் வீட்டில் பயணம் என்றால் அப்பா முதலில் தங்குவதற்கு அறை பிடிப்பார். யார் யார் போவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து மடு மாதா கோயிலுக்குப் போனாலும் அதே ஒழுங்குதான். அம்மாவின் தம்பியான மாமா இதற்கு நேரெதிர்.

"அத்தான், எல்லாத்தையும் முன்னுக்கே புக் பண்ணினா அது ட்ரிப் இல்ல, ஒஃபிஸ் வேல. இறங்கின இடத்தில படுக்கோணும்" என்பார்.

எனக்கு எட்டு வயது. நான் மாமாவின் கட்சி.

அந்த வருடம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய், பாப்பா இல்லாமல் திரும்பி வந்திருந்தார். தம்பி யேசுவிடம் போய்விட்டான் என்று எனக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அம்மா சமைத்தார், என் தலையைப் பின்னிவிட்டார், ஞாயிறு பூசைக்கு வந்தார். ஆனால் எதைக் கேட்டாலும் "உங்கட விருப்பம்" என்பார். அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து பெரியம்மா படங்கள் அனுப்பினார். அங்கே இலையுதிர் காலமாம். தெரு முழுக்கச் சிவப்பு மரங்கள். அம்மா அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை அப்பா கண்டிருக்க வேண்டும். நமக்கு ஒக்டோபர் என்றால் மழைதான். இருந்தும் பண்டாரவளையில் ஒரு அறை பிடித்தார். சுடுதண்ணீர் வருமா, கம்பளி தருவார்களா என்று மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டார்.

நாங்கள் நால்வரும் ரயிலில் போனோம். வழி நெடுக மாமா அப்பாவைக் கேலி செய்துகொண்டே வந்தார். பண்டாரவளைக்குக் கொஞ்சம் முன்னால், இதல்கஸ்ஹின்ன என்ற சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. தண்டவாளத்தின் இரு பக்கமும் மலை சரிந்து கீழே போயிருந்தது. ஒரு பக்கத்திலிருந்து ஏறி வந்த பனிப்புகார் மேடையைக் கடந்து மறுபக்கம் இறங்கிப் போனது.

ஜன்னலில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்.

"இதில இறங்குவமா?"

மாமா சிரித்தார். "அக்கா, இங்க ஒண்டுமே இல்ல."

அதற்குள் அப்பா மேலேயிருந்த பையை இழுத்துவிட்டார். மாமா பதறிப்போனார்.

"அத்தான், விசரா உங்களுக்கு? அங்க ரூம் புக் பண்ணியிருக்கெல்லோ!"

"கிடக்கட்டும். பிள்ளையப் பிடிச்சு இறக்கு."

ரயில் போனதும் மழை பிடித்தது. பக்கத்தில் தங்குமிடம் எதுவும் இல்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் அப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார். இறங்கின இடத்தில் படுக்க வேண்டும் என்ற மாமா, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடி மேடை முழுக்க நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயிலுக்கு வடை விற்க வந்திருந்த ஒரு பெண் கூடையை மூடிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"புள்ள நனையுது பாருங்க. எங்க மக கொழும்புல வேல செய்யுது, அது ரூம்பு சும்மாதான் கெடக்கு. வாங்கம்மா."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"போவம்" என்றார் அம்மா.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டியிருந்த அறைகளில் ஒன்று அந்த வீடு. மகளின் கட்டிலில் அம்மாவும் நானும் படுத்தோம். அப்பா கீழே பாயில். அடுப்படியில் படுத்த மாமா விடியும்வரை குளிரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் நான் வாசலுக்கு வெளியே தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய்! சப்பாத்தோட சேத்துக்குள்ள என்னடி செய்யிறாய்? வா இஞ்ச!"

அம்மாவின் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவு உரத்த குரலை எத்தனையோ மாதமாக நான் கேட்டதில்லை. பயந்துபோய் ஓடி வந்தேன். அம்மா என் காலைத் துடைத்தபடியே, உள்ளே திரும்பி, "அக்கா, இன்னொரு பிளேன்டீ தாறீங்களா? நல்லாச் சாயம் போட்டு" என்று கேட்டார்.

அப்பா சுவரோரம் கோப்பையோடு நின்றிருந்தார். புகாரின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

மலைக்குளிரில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் கண்ணையும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.