ஆடிய மடி

காது குத்தும்போது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத வீரன் நான். பொய். ஆசாரி பெட்டியைத் திறந்ததுமே ஓலமிட்டேன். மொட்டைத் தலையோடு நான் அழுதது தேங்காய்க்கு வாய் முளைத்தது போல இருந்ததாம். அம்மா இன்றும் சொல்வாள்.

சேந்தமங்கலம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமனுக்கு நடுக்குவாதம். டாக்டர் அதைப் பார்க்கின்சன் என்பார். முன்பெல்லாம் காலையில் போட்ட மாத்திரை மதியம்வரை தாங்கும். அந்த வருஷம் பாதியிலேயே கைவிட ஆரம்பித்திருந்தது. டாக்டர் அடிக்கடி போடச் சொல்லியும், இடையில் உடம்பு உதறத்தான் செய்தது. அதனால் அத்தை நல்ல நேரத்துக்குத் தோதாக மாத்திரை கொடுத்துக் கூட்டி வந்திருந்தாள். ஆசாரிதான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்.

அவர் வந்தபோது மாத்திரையின் வேலை தீர்ந்துபோயிருந்தது.

"மடி இப்படி ஆடுனா ஊசி எங்க போவும்னு சொல்ல முடியாதுங்க" என்றார் ஆசாரி.

பட்டுச் சட்டை போட்ட ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் முன்னால் வந்தார். "நல்ல நேரம் போவுதுங்க. பையன எங்கிட்டக் குடுங்க."

மாமன் என் இடுப்பைச் சுற்றியிருந்த கையை எடுக்கப் பார்த்தார். அதுவும் சட்டென்று வரவில்லை.

"எங்கண்ணன் மடிதான்" என்றாள் அம்மா. "அடுத்த மாத்திரயப் போட்டு அது கேக்கட்டும். நேரம் போனாப் போவட்டும்."

"அதுவரைக்கும் ரெண்டு துண்டு கறி குடுங்க, தெம்பு வரும்" என்றார் ஒரு பெரியவர்.

"கறி தின்னா மாத்திர கேக்காதுங்க" என்று அத்தை தட்டைத் தள்ளிவைத்தாள்.

பந்தி முழுக்கக் காத்திருந்தது. எனக்கோ அழுகையே மறந்துபோயிற்று. என்னைச் சமாதானப்படுத்த மாமன் லாரி ஓட்டிக் காட்டுகிறார் என்று நினைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சவாரி போனேன். மெல்ல மெல்ல மடி அடங்கியது. பெண்கள் சாமியைக் கும்பிட்டார்கள். நான் மட்டும் கேட்டேன்: "மாமா, ஏனுங்க வண்டிய நிறுத்திப்போட்டீங்க?"

"இந்த வண்டி டீசல் போட்டாத்தான் நிக்கும் சாமி" என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடமே ஏறாத என் தலைக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? மாத்திரை போட்டதும் மாமனுக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அது என் இரண்டு காதுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்த அவகாசம் என்று தெரியவில்லை. முதல் காதில் ஊசி இறங்கியதும் நான் செய்த காரியம் இருக்கிறதே...

இருங்கள், அத்தை கூப்பிடுகிறாள்.

"ஓடியா சாமி. மாமன் வாசப்படியில நிக்கறாரு, காலு எடுக்க வரமாட்டேங்குது."